பின்னலுக்குள் ஓடும் பெட்ரோல்

2023ஆம் ஆண்டு கத்திரி வெயில் தொடங்கிய வாரத்தில் ஒரு நாள் காலை, எங்கள் குடியிருப்பின் தரைத்தள வாகன நிறுத்தத்தில் கால் வைத்ததுமே பெட்ரோல் வாசனை வந்தது. தரையில் ஈரம் எதுவும் இல்லை. வண்டிக்கு அடியில் அட்டை விரித்து ஒரு மணி நேரம் விட்டுப் பார்த்தேன். அதிலும் ஒரு சொட்டுக்கூட விழவில்லை. ஆனாலும் வாசனை என் மாருதி எஸ்டீம் காரிலிருந்துதான் வந்தது. 2001இல் அப்பா வாங்கிய வண்டி அது. 1298 சிசி, பதினாறு வால்வு, ஒவ்வொரு சிலிண்டருக்கும் இன்ஜெக்டர் வழியே பெட்ரோலைப் பீச்சும் எம்.பி.எஃப்.ஐ. என்ஜின். அப்பாவுக்குப் பிறகு நான் ஓட்டுகிறேன்.

பானெட்டைத் திறந்து, வண்டியின் அடிப்பகுதியிலிருந்து ஏறி வரும் இரும்புக் குழாயையும் என்ஜினின் மேல் இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோலைப் பகிர்ந்தளிக்கும் ஃப்யூயல் ரெயிலையும் இணைக்கும் ரப்பர் ஓஸை மெல்ல வளைத்துப் பார்த்தேன். கிளிப்பை ஒட்டிய இடத்தில் அதன் மேல்தோல், கோடையில் வற்றிய ஏரியைப் போல வெடித்திருந்தது. விரலில் ஈரம் ஒட்டவில்லை, வாசனை ஒட்டியது. இருபத்திரண்டு ஆண்டுகள் என்ஜின் சூட்டுக்கு நடுவில் உழைத்த ரப்பரைக் குறை சொல்ல எதுவுமில்லை. ரப்பர் கெட்டிப்பட்ட பிறகு கிளிப்பை எவ்வளவு முறுக்கினாலும் அது குழாயை இறுகப் பற்றாது. மேலும் முறுக்கினால் கிளிப்பின் விளிம்பே ரப்பரை வெட்டத் தொடங்கிவிடும். ஆகவே ஓஸை மாற்றியே ஆக வேண்டும் என்பதில் எனக்கு ஐயம் எழவில்லை. எதைக் கொண்டு மாற்றுவது என்பதில்தான் தவறினேன். அதே வேலையை ஒன்றரை ஆண்டு கழித்து இரண்டாம் முறை செய்ய நேர்ந்தது. இரண்டு முறையும் கற்றதை எழுதி வைத்தால், பழைய வண்டியை அக்கறையோடு வைத்திருக்கும் இன்னொருவருக்கு முதல் முறையிலேயே சரியாக அமையும் என்று நம்புகிறேன்.

இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தளத்துக்குக் கல்லூரி நாட்களிலிருந்தே போய் வருகிறேன். அங்கே பந்தயத்துக்கு ஆயத்தமாக நின்ற எஸ்டீம்களின் என்ஜின் அறையில்தான் எஃகுக் கம்பியால் பின்னிய பெட்ரோல் குழாய்களை முதன்முதலில் பார்த்தேன். வெள்ளிக் கொலுசைப் போல நெளிந்து கிடக்கும் பின்னல், அதன் இரு முனைகளிலும் சிவப்பும் நீலமுமாகப் பளபளக்கும் அலுமினிய ஃபிட்டிங்குகள். அந்தக் காட்சி மனத்தில் பதிந்துவிட்டது. பந்தய வண்டிக்கு அது வெறும் அழகல்ல. அடியிலிருந்து தெறிக்கும் கல், மோதலில் நசுங்கும் தகடு, ஒரே வாரத்தில் இரண்டு மூன்று முறை என்ஜினைக் கழற்றி மாட்ட வேண்டிய தேவை ஆகிய மூன்றுக்கும் அது விடையாக இருக்கிறது; கிளிப் போட்ட ரப்பர் ஓஸை அத்தனை முறை உருவி மாட்டினால் அதன் முனை கிழிந்துவிடும். வீட்டு வண்டிக்கும் அதே காரணங்கள் பொருந்துமா என்று நான் அப்போது என்னையே கேட்டுக்கொள்ளவில்லை.

கேட்டிருந்தால் கணக்கே பதில் சொல்லியிருக்கும். என் என்ஜினின் உச்சத் திறன் 85 குதிரைத்திறன். ஒரு பெட்ரோல் என்ஜின் ஒரு கிலோவாட் திறனை ஒரு மணி நேரம் தருவதற்கு ஏறத்தாழ 300 கிராம் பெட்ரோல் குடிக்கும் என்று வைத்துக்கொண்டால், முழு வேகத்தில்கூட மணிக்குச் சுமார் 26 லிட்டர்தான் ஆகிறது. நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் குறைவு. அதற்கு உள்விட்டம் 6 மில்லிமீட்டர் உள்ள குழாயே தாராளம். குழாயைப் பெரிதாக்கினால் வண்டி இன்னும் நன்றாக இழுக்கும் என்று சொல்லி விற்பவர்களை நம்ப வேண்டாம். பின்னல் குழாயால் அரைக் குதிரைத்திறன்கூடக் கூடாது. அது தரக்கூடியது பாதுகாப்பு ஒன்றுதான், அதுவும் சரியாகத் தேர்ந்து சரியாகப் பொருத்தினால் மட்டுமே.

அந்தப் பாதுகாப்பு எம்.பி.எஃப்.ஐ. வண்டிக்கு ஏன் இன்றியமையாதது என்பதை அழுத்தத்தின் அளவு காட்டும். கார்புரேட்டர் வைத்த பழைய வண்டிகளில் பெட்ரோல் பம்ப் தரும் அழுத்தம் 0.2 அல்லது 0.3 பார் அளவுதான். அங்கே குழாய் வெடித்தால் பெட்ரோல் சொட்டும், வண்டி இழுக்காமல் நிற்கும், ஓட்டுநருக்குச் செய்தி தெரிந்துவிடும். எம்.பி.எஃப்.ஐ. வண்டியில் அழுத்தம் சுமார் 3 பார். அதாவது பத்து மடங்குக்கும் மேல். அங்கே ஊசிமுனைத் துளை விழுந்தாலும் பெட்ரோல் பனிப்புகையாகச் சீறி, சூடேறிய எக்ஸாஸ்ட் குழாயின் மேல் படியும். டாங்கில் இருக்கும் மின்பம்போ குறைவில்லாமல் தள்ளிக்கொண்டே இருக்கும். ஆகையால் ஓஸ் வாங்கும்போது கார்புரேட்டர் வண்டிக்கு உரிய ஜே30 ஆர்7 வகையும் எம்.பி.எஃப்.ஐ. வண்டிக்கு உரிய ஜே30 ஆர்9 வகையும் வெவ்வேறு என்பதை நினைவில் வைக்க வேண்டும். இவை அமெரிக்க வாகனப் பொறியாளர் சங்கமான எஸ்.ஏ.இ. வகுத்த தர எண்கள். நல்ல ஓஸின் முதுகில் அடிக்கு ஒரு முறை அச்சிட்டிருப்பார்கள்.

நான் முதன்முறை வாங்கிய பின்னல் குழாயின் முதுகில் எதுவும் அச்சிட்டிருக்கவில்லை. பின்னலின் மேல் அச்சிட முடியாது என்பதால் அதை நான் பொருட்படுத்தவும் இல்லை. 'ஏ.என்.6, பெட்ரோலுக்கும் ஆயிலுக்கும் ஏற்றது' என்ற ஒற்றை வரி விவரத்தை நம்பி, டாங்கிலிருந்து பெட்ரோல் ரெயிலுக்குப் போக ஐந்து மீட்டரும், மிஞ்சியது டாங்குக்குத் திரும்ப ஐந்து மீட்டரும் வரவழைத்தேன்.

ஏ.என். என்பது ஆர்மி, நேவி என்ற இரு சொற்களின் முதலெழுத்துகள். அமெரிக்கத் தரைப்படையும் கடற்படையும் தங்கள் விமானங்களின் குழாய் இணைப்புகளை ஒரே அளவுக்குக் கொண்டுவர வகுத்த முறை, பிற்காலத்தில் பந்தய வண்டிகளுக்கு வந்து சேர்ந்தது. எண்ணைப் புரிந்துகொள்வது எளிது. அந்த ஃபிட்டிங்கோடு சேரும் உலோகக் குழாயின் வெளிவிட்டத்தை அங்குலத்தில் பதினாறில் எத்தனை பங்கு என்று அது சொல்கிறது. ஏ.என்.6 என்றால் பதினாறில் ஆறு, அதாவது 3/8 அங்குலம், ஏ.என்.8 என்றால் அரை அங்குலம். இணைப்பின் உயிர் மரையில் இல்லை. ஒரு பக்கம் 37 பாகைச் சாய்வில் கடைந்த கூம்பும் மறுபக்கம் அதே சாய்வுள்ள குழிவும் உலோகத்தோடு உலோகமாக ஒட்டிக்கொள்வதால்தான் பெட்ரோல் நிற்கிறது. மரை அந்த இரண்டையும் சேர்த்துப் பிடிக்கும் கை மட்டுமே. அதனால் இதில் டெஃப்லான் டேப் சுற்றுவது உதவாது என்பதோடு கேடும் செய்யும். நூலிழையாகக் கிழிந்த டேப் இன்ஜெக்டர் வரை போய் அடைத்துக்கொள்ளும். கூம்பு இல்லாத, நுனி நோக்கிக் குறுகும் மரை உள்ள ஃபிட்டிங்குகளுக்குத்தான் பெட்ரோல் தாங்கும் சீலன்ட் வேண்டும். இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. ஏ.சி. மெக்கானிக்குகளிடம் இருக்கும் ஃப்ளேர் கருவி 45 பாகைக்கானது. அதைக் கடன் வாங்கி விரித்த குழாய் ஏ.என். ஃபிட்டிங்கில் உட்கார்ந்ததுபோலத் தோன்றும்; ஆனால் ஒரு மெல்லிய வளையக் கோட்டில் மட்டுமே தொடும்.

நம் ஊரில் ஏ.என். ஃபிட்டிங் கிடைக்காது என்று பலர் நினைக்கிறார்கள். ஜே.சி.பி. வண்டிகளுக்கு ஹைட்ராலிக் ஓஸ் அடித்துத் தரும் அம்பத்தூர்ப் பக்கத்துக் கடைகளில் ஜே.ஐ.சி. என்று கேட்டால் எஃகில் எடுத்துத் தருவார்கள். அதுவும் 37 பாகைக் கூம்புதான். 6ஆம் எண்ணில் இரண்டுக்குமே அங்குலத்துக்குப் பதினெட்டு மரை கொண்ட 9/16 அங்குல அளவுதான். பளபளப்பு இருக்காது, எடையும் கூடுதல், ஆனால் இணைப்பு ஒன்றே.

முனை பொருத்தும் வேலையில் அவசரப்படக் கூடாது. எஃகுப் பின்னலை வெறுமனே அறுத்தால் கம்பிகள் துடைப்பம்போல விரிந்து, பிறகு ஃபிட்டிங்கின் வெளிப்பகுதியான சாக்கெட்டுக்குள் நுழையாது. அறுக்கும் இடத்தில் காகித டேப்பை மூன்று நான்கு சுற்று இறுகச் சுற்றி, அந்த டேப்பின் நடுவில், பொடிப்பல் ஆக்சா பிளேடால் நேராக அறுக்க வேண்டும். அறுத்ததும் உள்ளே விழுந்த ரப்பர்த் தூளையும் எஃகுத் துகளையும் காற்றடித்து வெளியேற்றி, வெள்ளைத் துணியை நூலில் கட்டி ஒரு முறை இழுக்க வேண்டும். நான் சுத்தம் செய்துவிட்டேன் என்று எண்ணிய குழாயிலிருந்தும் அந்தத் துணி கறுத்துத்தான் வந்தது. பிறகு சாக்கெட்டுக்குள் குழாயைத் திருகியபடியே தள்ளி, உள்மரை தொடங்கும் இடத்துக்குக் கொஞ்சம் முன்பே நிறுத்தி, சாக்கெட்டின் விளிம்பை ஒட்டிக் குழாயின்மேல் டேப்பால் ஓர் அடையாளம் வைக்க வேண்டும். ஃபிட்டிங்கின் உள்பகுதியான நிப்பிளில் சொட்டு என்ஜின் ஆயில் தடவி முறுக்கும்போது, அது உள்ளே நுழைய நுழையக் குழாய் பின்வாங்கப் பார்க்கும். அடையாளம் நகர்ந்திருந்தால் பின்வாங்கிவிட்டது என்று பொருள். கழற்றி, முனையை அறுத்தெறிந்து, முதலிலிருந்து தொடங்குவதைத் தவிர வேறு வழியில்லை. நான் நான்கு முனைகளை இப்படி இழந்தேன். கடைசி நட்டுக்கு 11/16 அங்குல ஸ்பேனர் வேண்டும். நம்மிடம் உள்ள 17 மில்லிமீட்டர் ஸ்பேனர் நுழையாது, 18 ஆடும். ஆடும் ஸ்பேனர் அலுமினிய நட்டின் மூலைகளைத் தின்றுவிடும்.

இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் வேலை முடிந்தது. டாங்கிலிருந்து ஃப்யூயல் ரெயில் வரை இரு வழிக்கும் இரும்புக் குழாயே இல்லாமல் பின்னல் குழாயை ஒரே ஓட்டமாக இழுத்திருந்தேன். வாசனை போய்விட்டது. பானெட்டைத் திறந்தால் இருங்காட்டுக்கோட்டை ஞாபகம் வந்தது.

2024ஆம் ஆண்டு தீபாவளிக்குப் பிந்தைய வாரத்தில் அந்த வாசனை திரும்பி வந்தது.

இம்முறை என்ஜின் அறையில் மட்டும் இல்லை. வண்டியின் முழு நீளத்துக்கும் பரவியிருந்தது. எல்லா இணைப்புகளையும் துடைத்துப் பார்த்தேன், உலர்ந்துதான் இருந்தன. அப்பாவின் காலத்திலிருந்து வண்டியைப் பார்க்கும் மெக்கானிக் அண்ணனிடம் கொண்டுபோனேன். அவர் படுத்து, குழாயை மூன்று இடத்தில் முகர்ந்து பார்த்துவிட்டு எழுந்தார். "தம்பி, மேலே தெரியறது வெறும் சட்டை. உள்ளே உடம்பு என்ன ரப்பர்னு கடையில கேட்டீங்களா?" என்றார். கேட்கவில்லை. ஒரு துண்டை அறுத்து நீளவாட்டில் பிளந்தோம். பெட்ரோல் பட்ட உட்பக்கம் வீங்கிக் கொழகொழத்திருந்தது. இரண்டு நாள் வெளியில் காய்ந்ததும் அதே துண்டு அப்பளம்போல விறைத்து, மடித்தால் கீறல் விட்டது.

இதன் காரணத்தை அறிந்துகொள்ள எனக்குச் சில வாரங்கள் பிடித்தன. நம் பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது முன்பிருந்த பெட்ரோல் இல்லை. எத்தனால் பத்து விழுக்காடு கலப்பது என்ற இலக்கை நாடு 2022 ஜூனில் எட்டியது. இருபது விழுக்காட்டுக்கான இலக்கு ஆண்டு 2030 என்றிருந்தது, பின்னர் 2025க்கு முன்னே கொண்டுவரப்பட்டது. இ20 எனப்படும் அந்தப் பெட்ரோலின் விற்பனை 2023 பிப்ரவரி 6 அன்று பெங்களூரில் நடந்த இந்திய எரிசக்தி வார விழாவில் தொடங்கி வைக்கப்பட்டது. பல ரப்பர் வகைகள் தனிப் பெட்ரோலைத் தாங்கும், தனி எத்தனாலையும் ஓரளவு தாங்கும், இரண்டும் கலந்தால் கூடுதலாக வீங்கும். வீங்கிய ரப்பரிலிருந்து, அதை மென்மையாக வைத்திருக்கும் சேர்மங்களைக் கலவை கரைத்து எடுத்துவிடுகிறது. பிறகு வண்டி சில நாள் ஓடாமல் காய்ந்தால் ரப்பர் சுருங்கி விறைக்கிறது. கசிவே இல்லாமல் வாசனை வந்ததற்கும் விளக்கம் இதில்தான் இருக்கிறது. பெட்ரோலின் மூலக்கூறுகள் ரப்பர்ச் சுவரின் வழியே ஊறி, பின்னலின் இடுக்குகளில் ஆவியாக வெளியேறுகின்றன. மண்பானை வியர்ப்பதுபோல என்று சொல்லலாம். பானை வியர்ப்பது நன்மைக்கு. இங்கே வியர்ப்பது தீப்பிடிக்கும் ஆவி. நானோ வியர்க்கும் சுவரைப் பத்து மீட்டர் நீளத்துக்குப் பெருக்கி வைத்திருந்தேன்.

பின்னல் என்ன செய்கிறது, என்ன செய்யாது என்பதை இந்த இடத்தில் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். உள்ளே அழுத்தம் ஏறும்போது குழாய் உப்பாமல் பிடித்துக்கொள்கிறது. பின்னற் கம்பிகள் குழாயின் அச்சுக்குச் சுமார் 54.7 பாகையில் சாய்ந்திருந்தால், அழுத்தம் ஏறினாலும் குழாய் நீளவும் செய்யாது, குறுகவும் செய்யாது. ஓஸ் பொறியாளர்கள் அதை நடுநிலைக் கோணம் என்கிறார்கள். கல்லடியும் உராய்வும் உள்தோலைத் தொடாமல் காக்கிறது. ஆனால் பெட்ரோலை உள்ளே வைத்திருப்பது பின்னல் இல்லை. அது சல்லடை. சமையல் எரிவாயு அடுப்புக்கு வாங்கும் ஆரஞ்சு நிறச் சுரக்ஷா குழாய்க்குள்ளும் எஃகுக் கம்பிவலை இருக்கிறது. இருந்தும் ஐந்து ஆண்டுகளில் மாற்றச் சொல்கிறார்கள், ஏனென்றால் மூப்படைவது ரப்பர்தான். அந்தக் குழாயில் வலை உள்ளே, ரப்பர் வெளியே. வெடிப்பு விழுந்தால் கண்ணுக்குத் தெரியும். பின்னல் குழாயில் ரப்பர் உள்ளே, வலை வெளியே. என் பழைய ஓஸ் வெடித்ததை நான் கண்ணால் கண்டேன். புதிய குழாய் கெட்டதை அது காட்டவே இல்லை. பின்னல் குழாயின் பெரிய குறை இதுவென்றே நான் கருதுகிறேன். விற்பனை விளம்பரங்களில் இதைப் பற்றி ஒரு வரிகூட நான் பார்த்ததில்லை.

இரண்டாம் முறை உள்ளிருந்து வெளியே என்ற வரிசையில் தேர்ந்தேன். ஃப்ளூரோ ரப்பர் உள்தோல் உள்ள குழாய் ஒரு வழி; நல்ல ஆர்9 ஓஸ்களில் அதுதான் இருக்கிறது, எத்தனாலை நன்றாகவே தாங்கும். இன்னொன்று பி.டி.எஃப்.இ. உள்தோல். தோசைக்கல்லில் பூசும் டெஃப்லான்தான் அது. 1938இல் டுபான்ட் ஆய்வுக்கூடத்தில் ராய் பிளங்கெட் குளிர்ப்பதன வாயுக்களை ஆராய்ந்துகொண்டிருந்தபோது எதிர்பாராமல் கண்டறிந்த பொருள். பெட்ரோல், எத்தனால், மெத்தனால் எதற்கும் அது அசைவதில்லை. ரப்பரைப்போல மூப்படைவதும் இல்லை. ஆவி ஊறுவதும் மிகமிகக் குறைவு. நான் அதைத் தேர்ந்தேன்.

அதற்கும் சில நிபந்தனைகள் உண்டு. பி.டி.எஃப்.இ. மின்சாரத்தைக் கடத்தாது. வேகமாகப் பாயும் பெட்ரோல் அதன் சுவரில் நிலைமின்னூட்டத்தைச் சேர்த்துக்கொண்டே போகும். சேர்ந்தது ஒருநாள் சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியேயுள்ள எஃகுப் பின்னலுக்குப் பாயும்போது ஊசித்துளை விழும். அதனால் பெட்ரோலுக்கான குழாயின் உள்தோலில் கரித்தூள் கலந்து, மின்னூட்டம் முனை ஃபிட்டிங் வழியே வண்டியின் உடலுக்கு இறங்கும்படி செய்கிறார்கள். முனையைப் பார்த்தாலே தெரிந்துவிடும்: உள்ளே கறுப்பாக இருக்க வேண்டும். பால்வெள்ளையாக இருந்தால் அது வேறு வேலைகளுக்கானது. ரப்பர் குழாய்க்கான முனைகளும் இதற்குப் பொருந்தாது. ரப்பரைப்போல நசுங்கிப் பிடிக்கும் குணம் இதற்கு இல்லாததால், பின்னலைச் சற்றே விரித்து உள்தோலின்மேல் ஒரு சிறு பித்தளை வளையத்தை ஏற்ற வேண்டும். நிப்பிள் நுழையும்போது அந்த வளையம்தான் உள்தோலைக் கவ்வுகிறது. வளையத்தை ஏற்றும் முன் நட்டைக் குழாயில் கோத்துவிட்டோமா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். மேலும் இந்தக் குழாய் சட்டென்று வளையாது. இறுக்கமாக வளைத்தால் ஓலையை மடித்ததுபோல ஓரிடத்தில் மடங்கிவிடும். மடங்கிய இடம் பிறகு நிமிர்ந்தாலும் பலவீனம் போகாது. திருப்பம் உள்ள இடங்களுக்கு 45, 90 பாகை வளைவுள்ள முனைகளை வாங்கிக்கொள்வதே முறை.

எவ்வளவு நீளத்துக்குப் பின்னல் குழாய் என்பதில்தான் என் எண்ணம் முற்றிலும் மாறியது. வண்டியின் அடியில் இரும்புக் குழாய் ஓடும் இடத்தில் ஓஸுக்கு வேலையே இல்லை. இரும்பின் வழியே பெட்ரோல் ஆவி ஊறாது. என்ஜின் தன் மவுண்ட்டுகளின் மேல் அசைகிறது, வண்டியின் உடல் அசைவதில்லை. அந்த இரண்டுக்கும் நடுவில் வளைந்து கொடுக்க ஒரு முழத் துண்டு, டாங்கின் பக்கம் இன்னொரு துண்டு. போகும் வழிக்கும் திரும்பும் வழிக்கும் தனித்தனியே அவ்வளவுதான் தேவை, மொத்தம் நான்கு துண்டுகள். முதன்முறை நான் கழற்றாமல் முனையை மட்டும் மூடிவிட்டிருந்த பழைய இரும்புக் குழாய் பின்சக்கரத்தருகே துருப்பிடித்து அரித்திருந்ததால், புதிய பண்டி குழாயை வாங்கி அதே வழியில் வளைத்துப் போட்டோம். மெல்லிய எஃகுத் தகட்டை இரண்டு சுற்றுச் சுருட்டி, செம்பால் ஒட்டிச் செய்யும் குழாய் அது. என் வண்டியில் வெளிவிட்டம் 8 மில்லிமீட்டர். அதன் முனையில் வளையம் கவ்வும் அடாப்டரைப் போட்டு, அதிலிருந்து ஏ.என்.6க்கு மாறினேன். வழுவழுப்பான இரும்புக் குழாயின்மேல் பின்னல் ஓஸைச் செருகிக் கிளிப் போட்டு விடுகிறவர்கள் இருக்கிறார்கள். கிளிப் பின்னலைத்தான் நசுக்கும், உள்தோலை இறுக்காது. 3 பார் அழுத்தத்தில் அது என்றைக்கேனும் உருவிக்கொண்டு வரும்.

டாங்கைக் கழற்றியபோது இன்னொன்றும் கண்ணில் பட்டது. டாங்குக்குள் பம்பையும் மேல்மூடியையும் இணைக்கும் ஒரு விரல் நீளக் குழாய் பெட்ரோலில் மூழ்கியே கிடக்கிறது. சாதாரண ஓஸின் மேல்தோல் பெட்ரோலுக்காகச் செய்யப்பட்டதல்ல. மூழ்கி இருந்தால் வெளியிலிருந்தே கரையும். அங்கே மூழ்கும் வகையான ஆர்10 மட்டுமே போட வேண்டும். அது சற்று விலை கூடியதுதான், ஆனாலும் விரல் நீளத்தில் மிச்சம் பிடிக்க என்ன இருக்கிறது? டாங்கின் ஆவியைக் கொண்டுபோகும் குழாயையும் அதே நாளில் புதிய ஓஸாக மாற்றினேன்.

பொருத்தும் பாதை பற்றியும் சொல்ல வேண்டும். எஃகுப் பின்னல் ஓர் அரம். என்ஜின் நடுங்கும்போது அது தொட்டுக்கொண்டிருக்கும் எதையும் கொஞ்சம் கொஞ்சமாக ராவும். முதல் முறை நான் போட்ட குழாய், ஒன்றரை ஆண்டில் கூலன்ட் ஓஸின் தோளில் நகக்கண் ஆழத்துக்குப் பள்ளம் போட்டிருந்தது. அதைவிட அச்சம் தந்தது பேட்டரியிலிருந்து ஸ்டார்ட்டர் மோட்டாருக்குப் போகும் தடித்த ஒயரின் உறையில் தெரிந்த தேய்மானம். அந்த உறை முழுவதும் தேய்ந்திருந்தால், வண்டியின் உடலோடு இணைந்த எஃகுப் பின்னலில் பேட்டரியின் முழு மின்னோட்டமும் பாய்ந்து, பெட்ரோல் குழாயே அடுப்புக் கம்பியாகச் சிவந்திருக்கும். இப்போது நான்கு துண்டுகளையும் ரப்பர் உள்வைத்த கிளாம்ப்களால் உடலோடு கட்டி, ஒயரிலிருந்தும் எக்ஸாஸ்ட்டிலிருந்தும் ஒரு சாணுக்குக் குறையாமல் விலக்கி, தகட்டைத் துளைத்துப் போகும் இடத்தில் குரோமெட் எனும் ரப்பர் வளையம் போட்டிருக்கிறேன். என்ஜின் அறைத் துண்டுகளின்மேல் நைலான் உறையும் ஏற்றியதால் பளபளப்பு மறைந்துவிட்டது. அதில் எனக்கு வருத்தமில்லை.

வேலை தொடங்கும் முன் அழுத்தத்தை இறக்க வேண்டும். என்ஜின் ஓடும்போதே பெட்ரோல் பம்பின் ஃப்யூஸைப் பிடுங்கினால், ரெயிலில் இருப்பதைக் குடித்துவிட்டுத் தானே அணையும். அதன் பிறகு பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்ற வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது, தரையோடு தவழும். அதன் தீப்பற்று நிலை சுமார் பூச்சியத்துக்குக் கீழ் 40 டிகிரி. அதாவது நம் ஊரின் எந்தக் குளிரிலும் ஒரு பொறி போதும். அதனால் குழிக்குள்ளோ மூடிய அறையிலோ இதைச் செய்யக் கூடாது. நாங்கள் திறந்தவெளியில், தீயணைப்பானைக் கைக்கெட்டும் தொலைவில் வைத்துச் செய்தோம். மஞ்சள் பல்பு விளக்கை மெக்கானிக் அண்ணன் கிட்டேயே விடவில்லை.

குழாய்களை வண்டியில் ஏற்றும் முன்பே, ஒரு முனையை அடைத்து மறுமுனையில் 5 பார் காற்றைக் கொடுத்து, வாளித் தண்ணீரில் கால் மணி நேரம் அமிழ்த்திப் பார்த்தோம். எட்டு முனைகளில் ஒன்றிலிருந்து கடுகளவு குமிழ் வரிசையாக ஏறியது. பிரித்தபோது பித்தளை வளையம் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தது. அந்த முனையை அறுத்துப் புதிதாகக் கட்டினேன். வண்டியில் மாட்டிய பிறகு, ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஐந்தாறு முறை திருப்பித் திருப்பி வைத்துப் பம்ப் அழுத்தத்தை ஏற்றவிட்டு, ஒவ்வோர் இணைப்பையும் உலர்ந்த டிஷ்யூ தாளால் ஒற்றினேன். விரலைவிடத் தாள் நேர்மையானது. ஈரம் பட்ட இடம் உடனே நிறம் மாறும். பிறகு என்ஜின் நன்றாகச் சூடேறியபின் ஒரு முறை, அணைத்து ஆறியபின் ஒரு முறை, நூறு கிலோமீட்டர் ஓடியபின் ஒரு முறை ஒற்றிப் பார்த்தேன். அலுமினியம் சூட்டில் விரிந்து ஆறும்போது சில நட்டுகள் மயிரிழை தளரும் என்பதால் அந்த நூறு கிலோமீட்டர்ச் சோதனையைத் தவிர்க்கக் கூடாது. தளர்ந்ததை இறுக்கும்போதும் கூம்பு உட்கார்ந்துவிட்டதைக் கை உணர்ந்ததும் நிறுத்திவிட வேண்டும். மேலும் முறுக்கினால் கூம்பு நசுங்கும்.

இவ்வளவும் முடிந்தது 2025 பிப்ரவரியில். நான்கு துண்டுகளின் முனையிலும் மாற்றிய மாதத்தைப் பொறித்த சிறு அலுமினியத் தகட்டைக் கம்பியால் கட்டியிருக்கிறேன். உள்ளே நடப்பதைப் பின்னல் காட்டாது என்பதால், அந்தத் தகட்டில் உள்ள தேதிதான் எனக்கு நினைவூட்ட வேண்டும். மாதத்தில் முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில், வண்டி ராத்திரி முழுவதும் ஓடாமல் நின்ற பிறகு, பானெட்டைத் திறக்கும் முன் ஒரு நிமிடம் வண்டியருகே நின்று மூச்சிழுத்துப் பார்க்கிறேன். பிறகு தாளும் டார்ச்சும். போன ஞாயிறு எல்லாம் உலர்ந்தே இருந்தது. பின்சக்கரத்தருகே ஒரு கிளாம்ப்பின் ரப்பர் மட்டும் ஒரு பக்கமாக நழுவியிருந்தது, அதைச் சரிசெய்து திருகை இறுக்கினேன்.